மாப்பிள்ளை பார்த்த ஏசி

ம்ம்ம்ம் என்றது. அவ்வளவுதான் அதற்குச் சொல்லத் தெரிந்தது. கரும்பலகை முன்னால் எழுப்பி நிறுத்தப்பட்ட பையன் விடை தெரியாமல் தொண்டையிலேயே இழுத்துக்கொண்டு நிற்பானே, அந்த ம்ம்ம்ம். நவநீதன் சந்துக்குள் கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின் மேல் ஏறி நின்று, ஜன்னலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த அந்த ஏசியின் முதுகில் காதை வைத்துக் கேட்டான். டாக்டர்கள் இப்படித்தான் கேட்பார்கள். கேட்டுவிட்டு முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள். அவனும் வைத்துக்கொண்டான், பார்க்க ஆள் இல்லாவிட்டாலும். ஒரு பூனை இருந்தது. துவைக்கிற கல்லின் மேல் படுத்தபடி, இவன் எப்போது விழுவான் என்கிற நிதானத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. துறையூர் முழுக்க ஆடிக் காற்று தகரத்தையும் பேனரையும் தூக்கித் தூக்கிப் போடுகிறது, இந்தச் சந்துக்குள் மட்டும் ஒரு மூச்சு கிடையாது. புது வேட்டி, சீர் வேட்டி, இரண்டு விரல் அகலத்துக்கு ஜரிகை, காலையில் மாமனார் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தது. முட்டிக்கு மேல் மடித்துக் கட்டியும் டின்னில் ஒட்டியிருந்த பழைய பிசுக்கு எப்படியோ ஓரத்தில் ஏறிவிட்டது. அதைப் பார்க்கவே கூடாது என்று முடிவு செய்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து வினோதினி, அணைக்கட்டுமா என்று கேட்டாள். கல்யாணமாகி மூன்று மாதம் ஆன குரல், ஒவ்வொரு கேள்வியிலும் கொஞ்சம் பெருமை தடவிய குரல். அணை என்றான். ம்ம்ம்ம் நின்றது. நின்றதும் வந்த அமைதி அதைவிட மோசமாக இருந்தது, ஏனென்றால் அந்த அமைதிக்குள் கூடத்தில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கேட்டது. உட்கார்ந்திருப்பதற்குச் சத்தம் உண்டா என்றால், மாமனார் வீட்டில் உண்டு. சகலை உட்கார்ந்திருக்கிற பிரம்பு நாற்காலி அது. கிறீச்.

இந்தச் சகலை இல்லையென்றால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று நினைத்தான், நினைத்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினான், அது ஒரு வேலை மாதிரி இருந்தது. தலை ஆடி விருந்து, பதினோரு வகைப் பதார்த்தம், இலையை மடக்கி எழுந்து கை கழுவி, புது மாப்பிள்ளை கொஞ்சம் சாயட்டும் என்று இந்த வீட்டின் ஒரே ஏசி ரூமைத் திறந்துவிட்டால், இந்தச் சனியன் ம்ம்ம்ம் என்கிறது. பஜார் மெக்கானிக் செல்வத்துக்குப் போன் போட்டவர் மாமனார் ராஜமாணிக்கம்தான். போட்டு, அவனும் அரை மணியில் வருகிறேன் என்று சொல்லி, அப்போது நாற்காலியில் சாய்ந்து பல்லுக்குள் குச்சி விட்டுக்கொண்டிருந்த சகலை, மூத்த மாப்பிள்ளை, ரெண்டு லாரி வைத்திருக்கிறவர், குச்சியை எடுக்காமலே, “ஏன் மாமா, வீட்டுக்குள்ளயே இன்ஜினியரு சகலை இருக்கப்ப வெளியாள் எதுக்கு? இன்ஜின் சத்தத்த வச்சே நான் லாரியோட வியாதியச் சொல்லல?” என்றார். அதில் விஷம் இருந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது, அதுதான் சகலை. மாமனார் முகத்தில் ஏதோ ஏறியது. ஏழு வருஷமாக இந்த மூத்த மாப்பிள்ளை இவரைக் குத்திக்கொண்டே இருக்கிறார், கட்டில் சின்னது, வண்டி பழசு, மோர் புளிப்பு. இப்போது இவரிடம் ஒரு பதில் இருக்கிறது, படித்த பதில், இன்ஜினியர் பதில். போனை மறுபடி காதில் வைத்தார். அவர் பேசுவதென்றால் நெஞ்சுக்குழியிலிருந்து எடுத்து மூக்கு வழியாக ஒரு சுற்று சுற்றிக் கடைசி வார்த்தையைத் தெருவுக்கே வீசுவார். யோவ் செல்வம், நீ வர வேணாம்யா, நம்ம மாப்பிள்ளையே ஏசி இன்ஜினியர்தான்யாஆஆ. அத்தை அடுப்படியிலிருந்து, விருந்துக்கு வந்த பிள்ளைய வேலை வாங்குறாரே இந்த மனுசன் என்று முனகியது இவன் காதில் தேவகானமாக விழுந்தது. அந்த முனகலைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். அத்தை சொல்வதும் சரிதானே மாமா என்று ஒரு சிரிப்பு சிரித்திருக்கலாம். ஆனால் வினோதினி அவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அவர் பார்த்தா அரை நிமிஷம்ப்பா என்றாள். அரை நிமிஷம். அந்த அரை நிமிஷம் இப்போது சந்துக்குள் வளர்ந்து, பெருத்து, வேட்டியில் கறையாகி நிற்கிறது.

எல்லாம் ஒரு வாய் கேசரி. அவன் அதைப் பலமுறை யோசித்திருக்கிறான், போரூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும், பல் தேய்க்கும்போதும், ஒரு தடவை தாலி கட்டுகிற அந்த நிமிஷத்திலும்கூட. பெண் பார்க்க வந்த அன்று கேசரி கொஞ்சம் இறுகியிருந்தது. ஸ்பூனில் பெரிய துண்டாக வந்துவிட்டது. வாய்க்குள் போட்டாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் தரகர், கழுத்தில் துண்டோடு, கோயில் கொடை விழாவில் மைக் பிடிக்கிறவர் குரலில், பையன் யாருன்னு நினைச்சீங்க, சென்னையில மிகப்பெரிய ஏசி கம்பெனியில சர்வீஸ் இன்ஜினியரு, ஆளுங்க இவரைக் கேக்காம ஒரு திருகு திருக மாட்டாங்க என்று அவிழ்த்துவிட்டார். மிகப்பெரிய என்பதில் அந்தப் ‘பெ’ மட்டும் ஒரு ஆள் உயரம் இருந்தது. இல்லை என்று சொல்ல வாய் வேண்டும். வாயில் கேசரி இருந்தது. மென்று விழுங்குவதற்குள் பேச்சு ஜாதகத்துக்குப் போய், ஜாதகத்திலிருந்து மண்டபத்துக்குப் போய்விட்டது. அம்மாவைப் பார்த்தான். அம்மா அவனைப் பார்க்கவில்லை, அவ்வளவு கவனமாக ஜன்னல் திரையில் இருந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும் வழியில் கேட்டதற்கு, என்னடா இப்ப, ஏசி கம்பெனிதானே, உள்ள போயிட்டா எந்த நாற்காலியில உக்காந்தா என்ன என்றாள். எந்த நாற்காலி. பில் செக்ஷன் நாற்காலி. கெப்பாசிட்டர் மேல் என்ன வரி, மோட்டார் மேல் என்ன வரி, நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அந்தக் கெப்பாசிட்டர் உருண்டையா, சதுரமா, ஏசிக்குள்ளே கிழக்கே இருக்குமா மேற்கே இருக்குமா என்று கேட்டால் அவனும் ஜன்னல் திரையில் இருக்கிற பூவைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, அது தரகர் பொய், அம்மாவின் திரைப் பூ. அத்தோடு நின்றிருந்தால் அவன் இந்த டின் மேல் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றிருப்பான். டெஸ்டரை எடுத்து ஒயர் நுழைகிற இடத்தில் வைத்தான், சிவப்பாக மினுங்கியது, கரண்ட் வருது என்று உள்ளே கேட்கும்படி கொஞ்சம் கனத்த குரலில் சொன்னான். அந்தக் கனத்த குரல் அவனுடையது இல்லை. இக்பாலுடையது. அங்கேதான் வலிக்கிறது. கல்யாணமான புதிதில் ஒருநாள் சாப்பிடும்போது, இன்னிக்கு எங்க போனீங்க என்று வினோதினி கேட்டாள். எங்கேயும் போகவில்லை, பில் அடித்தேன் என்று சொல்ல வாய் நன்றாகக் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அன்று மத்தியானம் சர்வீஸ் செக்ஷன் இக்பால், டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, நாலாவது மாடி ஏசியை எட்ட முடியாமல் இடுப்பில் கயிறு கட்டி இறங்கின கதையைச் சொல்லியிருந்தான். கயிற்றின் அந்த முனையைப் பிடித்திருந்த வீட்டுக்காரருக்கு நடுவில் ஒரு போன் வந்துவிட்டதாம், ஹலோ சொல்லுங்க மாப்ள என்று ஒரு கையை எடுத்துவிட்டாராம். அதை நவநீதன் சொன்னான். நான் என்று சொன்னான். வீட்டுக்காரர் குரல், கீழேயிருந்து கத்தின வாட்ச்மேன் குரல், கயிற்றில் தொங்கியபடி அல்லாவைக் கூப்பிட்ட இக்பாலை முருகனைக் கூப்பிட வைத்து, எல்லாவற்றையும் நடித்தே காட்டினான். வினோதினி சிரித்தாள். சாதாரணமாகச் சிரிக்கவில்லை, சோற்றுக் கையால் வாயைப் பொத்த முடியாமல் முழங்கையால் பொத்தி, கண்ணில் நீர் வர, போதும் போதும் என்று சிரித்தாள். அதற்கு முன்னால் யாரும் அவன் பேசி அப்படிச் சிரித்ததில்லை. மறுநாள் இக்பாலுக்கு இவனே டீ வாங்கிக் கொடுத்து, அப்புறம் என்றான். அப்புறம் பல்லிக் கதை வந்தது, காற்று ஊதுகிற புளோயருக்குள் குடும்பம் நடத்திய பல்லி. அப்புறம் ஏசியில் குளிர் வரவில்லை என்று புகார் கொடுத்துவிட்டு, போய்ப் பார்த்தால் ஏசியே இல்லாத வீடு, பேச ஆள் இல்லாமல் கூப்பிட்ட ரிட்டயர்டு தாசில்தார். அந்தக் கதைக்கு அவள் சிரிக்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்க என்ன செஞ்சீங்க என்று கேட்டாள். உக்காந்து டீ குடிச்சிட்டு வந்தேன் என்றான். டீ குடித்தது இக்பால். கையைப் பிடித்தது இவனை.

இரும்புப் பெட்டியின் பக்கவாட்டில் மூச்சுவிட வெட்டியிருந்த இடுக்குகள் வழியாக ஒரு கண்ணை வைத்துப் பார்த்தான். இருட்டு, தூசி, அதற்கு நடுவே ஒரு இறக்கை, விசிறி இறக்கைதான், நான்கோ ஐந்தோ, கறுத்துப்போய். பெட்டியின் மேல் பெயிண்டில் 207 என்று எழுதியிருந்தது. திருச்சியில் மூடிய ஏதோ லாட்ஜிலிருந்து மாமனார் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தது, அந்த லாரி சகலையுடையது, அதையும் சகலை ஏழு வருஷமாகச் சொல்கிறார். 207-ல் யார் யார் தூங்கினார்களோ, என்னென்ன பொய் சொன்னார்களோ, அதையெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் இது ம்ம்ம்ம் என்கிறது. சரி, யோசி. நவநீதா, யோசிடா. முன்பக்கம் ரூமுக்குள் காற்று அடிக்கிற உருளை சுற்றவில்லை. பின்பக்கம் இந்த இறக்கையும் சுற்றவில்லை. அப்படியென்றால் இரண்டு ஃபேனும் ஒரே நேரத்தில் போயிருக்கிறது. இரண்டு மோட்டாரும் ஒரே சமயத்தில் எப்படிப் போகும். ஒரே வீட்டில் ஒரே நாளில் இரண்டு சாவா. மோட்டாருக்கு வருகிற கரண்ட் போயிருக்குமோ, இல்லையே, ம்ம்ம்ம் வருகிறதே. ஆயிரம் பில்லாவது அடித்திருப்பான், விண்டோ ஏசி, ஃபேன் மோட்டார், ஒன்று. ஒன்று என்றுதான் அடித்தான். ஏன் ஒன்று என்று ஒரு நாளும் விரலுக்குத் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. அடித்த விரல் அது பாட்டுக்கு அடித்தது. இக்பாலுக்குப் போன் போட்டான். போகிறது, போகிறது, எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இக்பால் எதையும் எடுக்க மாட்டான். மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி, கூழ் வாங்க வரும் தாய்மார்கள் வரிசையில் வரவும், வரிசையில் வரவும், தூக்குவாளியை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொள்ளவும், ளவும், ளவும் என்றது. காற்று அந்தக் குரலை ஒரு தெருவுக்குக் கொண்டுபோய் இன்னொரு தெரு வழியாகத் திருப்பிக் கொண்டுவந்தது. போடு என்றான். வினோதினி ஸ்விட்சைப் போட்டாள். ம்ம்ம்ம். அணை. கிறீச் என்று நாற்காலி.

சாயங்காலம் அவனை பஸ் ஏற்றிவிடுவார்கள். தலை ஆடி வழக்கம் அதுதான், மாப்பிள்ளைக்கு விருந்து போட்டு, வேட்டி கொடுத்து, மோதிரம் போட்டு, தனியாகத் திருப்பி அனுப்பிவிடுவது. பெண் இங்கே இருப்பாள், ஆடி முழுக்க. ஆவணி பிறந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போகலாம். போகலாமா. இப்போது கை கழுவிவிட்டு முடியல மாமா என்று உள்ளே போனால், மாமனார் செல்வத்தைக் கூப்பிடுவார். செல்வம் வருவான், தொழில்காரன், தொழில்காரனிடம் ஒரு கேள்வி கேட்பான், ஒரே கேள்வி, என்ன சார் பாத்தீங்க என்று. இவன், ரெண்டு மோட்டாரும் ஒரே நேரத்துல போயிருச்சு என்பான். செல்வம் சிரிப்பான். சிரிக்காவிட்டால் இன்னும் மோசம், சகலையைப் பார்ப்பான். சகலை பல் குச்சியை எடுப்பார், நிதானமாக. அப்புறம் இந்த வீட்டில் ஒரு மாதம் பேச வேறு விஷயமே இருக்காது. ஆவணியில் பழத்தட்டோடு வந்து வாசலில் நிற்பான், அத்தை பாதிக் கதவைத் திறந்து, அவளுக்கு உடம்பு சுகமில்ல தம்பி என்பாள். மாப்பிள்ளை இல்லை, தம்பி. மாமனார் உள்ளேயிருந்து வரவே மாட்டார், ரேடியோ மட்டும் சத்தமாக வைப்பார். அதைக்கூடத் தாங்கலாம். அந்தக் கதவுக்குப் பின்னால் வினோதினி நின்றுகொண்டு, கயிற்றில் தொங்கினது யார், பல்லியைப் பார்த்தது யார், தாசில்தார் வீட்டில் டீ குடித்தது யார் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் கழித்துப் பார்ப்பாளே, கழித்து முடித்தால் மிச்சம் என்ன இருக்கும். இந்த நினைப்பு வந்ததும் ஸ்க்ரூ டிரைவர் நழுவி சாக்கடையில் விழுந்தது. பூனை எழுந்து உட்கார்ந்தது. இறங்கி எடுக்கத் தோன்றவில்லை. ஏசிக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அடைக்க யாரோ திணித்து வைத்திருந்த பழந்துணியைப் பிடித்துக் கோபத்தோடு இழுத்தான். அது வந்தது, வந்துகொண்டே இருந்தது, ஒரு காலத்தில் பாவாடையாக இருந்திருக்க வேண்டும். முழுதும் வெளியே வந்ததும் இடுக்கு திறந்தது. இடுக்கில் ஒரு கண் இருந்தது.

வினோதினியின் கண். மை கொஞ்சம் கரைந்திருந்தது. உள்ளேயும் புழுக்கம்தான்போல. எவ்வளவு நேரமாக அங்கே முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறாளோ, துணிக்கு அந்தப் பக்கம், அவன் போடு, அணை, போடு, அணை என்று சொல்லிக்கொண்டிருந்தபோதெல்லாம்.

“ஏங்க,” என்றாள், கூடத்துக்குக் கேட்காத குரலில். “நெசமா உங்களுக்கு இது தெரியுமா?”

தெரியும் என்பதற்கு வேண்டிய குரல் அவனிடம் இருந்தது. இக்பால் குரல், தரகர் குரல், ஷோரூம் மேனேஜர் நோ இஷ்யூஸ் மேடம் என்று குழைகிற குரல், எதை வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். வாயைத் திறந்தான். ஏசி அணைந்துதான் இருந்தது, ஆனாலும் அந்த ம்ம்ம்ம் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது, கேட்டால் அவன் தொண்டையில்.

“தெரியாது,” என்றான்.

கண் இமைக்கவில்லை. அப்ப என்ன வேலை என்று கேட்டாள். பில் போடுகிற வேலை என்றான். எவ்வளவு நாளாக என்றாள். சேர்ந்ததிலிருந்து என்றான். சொல்லச் சொல்ல அந்தக் கண் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாவதைப் பார்த்தான், வெயிலுக்குள் வந்த கண் மாதிரி.

“நாலாவது மாடியில தொங்குனது?”

“இக்பால்.”

“பல்லி?”

“இக்பால்.”

“தாசில்தாரு வீடு?”

அவன் வேட்டி ஓரத்துக் கறையைப் பார்த்தான். அதுவே பதிலாகப் போய்ச் சேர்ந்தது.

“அப்ப நான் இக்பாலையா கட்டிக்கிட்டேன்?” என்றாள் வினோதினி. அதில் சிரிப்பு இல்லை. சிரிப்பு இருக்க வேண்டிய இடம் அப்படியே குழியாக இருந்தது. அவள் காலேஜ் சிநேகிதிகள் எல்லோருக்கும் அந்தக் கதைகளைச் சொல்லியிருந்தாள், ஒருத்தி கயிற்றுக் கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லிப் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாளாம், அதை அவளே ஒருநாள் பெருமையாகச் சொன்னாள். இப்போது அதையெல்லாம் எண்ணிப் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. கூடத்திலிருந்து மாமனார், மாப்ளேஏஏ, வியாதி புடிபட்டுருச்சா என்று வீசினார். பார்த்துக்கிட்டு இருக்காருப்பா என்று வினோதினி திரும்பிச் சொன்னாள். அந்தக் குரலில் ஒரு கீறல் இல்லை. அது அவனைப் பயமுறுத்தியது. பொய் சொல்ல இவளுக்கும் வருகிறதே என்பதுகூட இல்லை, அதை என்னிடம் கற்றுக்கொண்டாளோ என்பது.

“உங்களுதுன்னு ஒண்ணாவது சொல்லுங்க,” என்றாள் மறுபடி இடுக்கில்.

என்ன இருக்கிறது சொல்ல. காலையில் போகிறான், அடிக்கிறான், சாப்பிடுகிறான், மற்றவன் கதையைக் கேட்கிறான், அடிக்கிறான், வருகிறான். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கி எரிந்தது, துடைக்கக் கையை எடுத்தால் டின் ஆடுகிறது. இந்த எரிச்சலிலேயே அது வந்தது, யோசித்து எடுத்தது இல்லை.

“அந்தக் கம்பெனியில ஏசி இல்லாத ஒரே ரூமு எங்க பில் ரூம்தான்,” என்றான். “மேல ஒரு ஃபேன். அதுவும் மேனேஜர் பக்கம் திரும்பி இருக்கும்.”

கண் அப்படியே இருந்தது. பிறகு இடுக்கில் கண் இல்லை. உள்சுவரின் வெளிர் நீலம்தான் தெரிந்தது. போய்விட்டாள். கூடத்துக்குப் போய்விட்டாள். இதோ இப்போது சொல்லப் போகிறாள். நாற்காலி கிறீச்சிடும் என்று காத்திருந்தான், ஒலிபெருக்கி தூக்குவாளி, வாளி என்றது, அவன் என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியின் இருட்டு இடுக்கில் முகத்தைப் புதைத்து அந்தக் கறுத்த இறக்கையையே பார்த்தான். அது அசைந்தது. முதலில் கண்ணில் வியர்வை என்று நினைத்தான். மறுபடி அசைந்தது, கால் சுற்று, நின்றது, இன்னொரு கால் சுற்று, தூசி ஒரு பொதியாக அவிழ்ந்து விழுந்தது. யார் தள்ளுவது. இந்தப் பக்கம் இவனைத் தவிர யாரும் இல்லை. உள்ளே முன்பக்கத்தில், குளிர்காற்று வருகிற வாய்க்குள், வினோதினி எதையோ விட்டுக் குத்துகிற சத்தம் கேட்டது, டிக், டிக், ஒரு குத்துக்கு ஒரு கால் சுற்று. அவள் அங்கே அந்த உருளையைத் தள்ளினால் இங்கே இந்த இறக்கை சுற்றுகிறது. நடுவில் ஒரே மோட்டார், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டிய ஒரே கம்பி. ஒன்று. ஃபேன் மோட்டார், ஒன்று. ஆயிரம் தடவை அடித்தவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலும், அவள் போகவில்லை, கோபத்தை எடுத்துக்கொண்டுபோய் அந்த ஏசி வாய்க்குள்தான் குத்திக்கொண்டிருக்கிறாள் என்பது மெதுவாக அவனுக்கு எட்டியது. எட்டியதும் வாய் தானாகத் திறந்தது. சுத்துது, வினோ, இந்தப் பக்கமும் சுத்துது என்றான்.

“மொகத்த எடுங்க,” என்றாள். ஸ்விட்ச் விழுந்தது. ம்ம்ம்ம். அந்த ம்ம்ம்ம் மேலேயே ஒரு ஓங்கிய குத்து. இறக்கை தயங்கி, கனைத்து, சுற்றி, வேகம் பிடித்து, இடுக்குகளும் இறக்கைகளும் கலந்து சாம்பல் நிறமாகிவிட்டன. லாட்ஜ் காலத்துத் தூசி முழுக்க அனல்காற்றோடு அவன் முகத்தில் வந்து அறைந்தது. பூனை ஓடியே போய்விட்டது. உள்ளே கை தட்டினார்கள். அத்தை, முனகிக்கொண்டே இருந்த அத்தையும் தட்டினாள்.

சந்தைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக அவன் உள்ளே வந்தபோது எல்லோரும் ஏசி ரூமுக்குள் கூடியிருந்தார்கள். கட்டிலில், கதவோரத்தில், சகலை பிரம்பு நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்து போட்டிருந்தார். குளிர் இன்னும் வரவில்லை, காற்று வந்தது, அதுவே போதும் என்று எல்லோரும் முகத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். மாமனார் மூத்த மாப்பிள்ளையை மட்டும் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த முகத்தைப் பார்த்தால் இதை அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றியது. சாயங்கால பஸ், ஆவணி, பழத்தட்டு, எல்லாம் சரியாகிவிடும். வினோதினி ஜன்னலோரம் நின்றிருந்தாள், கையில் தலைவாரும் மயிர்கோதி, அதன் கைப்பிடியில் கறுப்புப் பிசுக்கு. அவன் பக்கம் திரும்பவில்லை. ஏசியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் காத்திருக்கிறாள் என்பது முதுகிலேயே தெரிந்தது.

“மாமா,” என்றான் நவநீதன். “எனக்கு ஏசி வேலை தெரியாது.”

தெரியாமத்தான் ஓடுதாக்கும் என்று மாமனார் சிரித்தார். அடக்கத்தைப் பாருங்க என்றாள் அத்தை. நிறைகுடம் தளும்பாது என்கிற பாணியில் தலையாட்டிக்கொண்டு சகலைகூட, சகலை, இந்தப் பேச்செல்லாம் எங்ககிட்ட வேணாம், போறப்ப என் வீட்டுப் பிரிட்ஜைப் பாத்துட்டுத்தான் பஸ் ஏறணும் என்றார். அவன் மறுபடி சொன்னான், நெசமா மாமா, நான் இன்ஜினியர் இல்ல, பில் போடுறவன், தரகர் சொன்னது பொய், நானும் சும்மா இருந்துட்டேன். குரல் அவனுக்கே ஒத்துவரவில்லை, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் தட்டையாக, ரயில்வே ஸ்டேஷனில் வண்டி தாமதம் என்று சொல்கிற குரல் அளவுக்குக்கூட உயிர் இல்லாமல் இருந்தது. அவர்கள் இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள். ஏசி ஓடுகிறது, அப்புறம் எவன் நம்புவான். மூன்று மாதம் வாயைத் திறந்தால் நம்பினார்கள், இன்றைக்கு உண்மையைச் சொன்னால் தோளில் தட்டுகிறார்கள். கத்த வேண்டும்போல் இருந்தது.

“அவரு நெசமாத்தான் சொல்றாருப்பா,” என்றாள் வினோதினி.

சிரிப்பு நின்றது. ஒவ்வொருவர் முகமாக நின்றது, கடைசியில் சகலை முகத்தில் மட்டும் கொஞ்ச நேரம் மிச்சமிருந்து, அதுவும் போயிற்று. மாமனார் மகளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், பிசுக்கு ஏறிய ஜரிகையைப் பார்த்தார். உனக்கு எப்போம்மா தெரியும் என்று கேட்டார். எதையும் வீசாமல் கேட்டார், வார்த்தை அவர் காலடியிலேயே விழுந்தது.

“எனக்கு முன்னாடியே தெரியும்,” என்றாள். “நான்தான் சொல்ல வேணாம்னேன்.”

நவநீதன் அவளைப் பார்த்தான். ஒரு இமை துடிக்கவில்லை. முன்னாடி என்பது எவ்வளவு முன்னாடி என்று இந்த அறையில் அவனுக்கும் அவளுக்கும்தான் தெரியும், அந்தத் தூசி இன்னும் அவன் உதட்டில் இருக்கிறது. நன்றி சொல்ல முடியாது, மறுக்கவும் முடியாது, அவள் அவனுக்காக ஒரு பொய்யைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், அதற்கு இவன் செய்யக்கூடியது வாயை மூடிக்கொண்டு நிற்பது ஒன்றுதான். மாமனார் எழுந்தார். யாரையும் பார்க்காமல் கூடத்துக்குப் போனார். சகலை எதையோ சொல்ல வாயெடுத்து, அத்தை பார்த்த பார்வையில் எடுத்ததை உள்ளேயே வைத்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாச்சு, உங்கப்பா இனிமே வண்டி எடுக்க மாட்டாரு, ஆட்டோ சொல்லட்டுமா என்று அத்தை மகளிடம் மெதுவாகக் கேட்டாள். ஆடியில் பெண் வழியனுப்பப் போகிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை.

“நான் கொண்டுபோய் விடுறேன்,” என்று ஆணியில் தொங்கிய ஸ்கூட்டி சாவியை எடுத்தாள் வினோதினி. அவன் வேட்டி மாற்றவா என்று கேட்கத் திரும்பியபோது அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள், ஒரு கணம் நின்றாள், அவன் காதுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

“பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நீங்க ஒரு வார்த்த பேசக் கூடாது. நான்தான் பேசுவேன்.”

அவன் தலையாட்டினான். அவள் வாசலில் வண்டியைத் திருப்புகிற சத்தம் கேட்டது, பையை எடுத்துக்கொண்டு, அழுக்கு வேட்டியோடேயே, வேகமாக நடந்தான்.